தரையோடு பாவுதல்

மாணவர்களே, இப்பாடத்தின் தலைப்பை ஒருமுறை உரக்கப் படியுங்கள். 'தரையோடு தரையாக நசுங்கியது' என்னும் தொடரில் 'ஓடு' மூன்றாம் வேற்றுமை உருபு. 'தரையோடு உடைந்தது' என்னும் தொடரில் அது தரையில் பதிக்கும் ஓடு. இரண்டிடத்தும் யகர உடம்படுமெய் தோன்றியதால் எழுத்தில் வேறுபாடு தெரிவதில்லை; தொடரைக் கொண்டே பொருளை அறிய வேண்டும். 'பாவுதல்' என்பது பரப்பிப் பதித்தல். கல் பாவிய முற்றம் என்று நம் முன்னோர் கூறினர்.

பாலசமுத்திரம் முதலாகச் சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று 'டைல்ஸ்' என்னும் சொல்லே வழங்குகின்றது. அதில் குறையில்லை. எனினும் இத்தொழிலுக்குரிய தமிழ்ச் சொற்கள் பல கொத்தனார் நாவில் மட்டுமே உயிர்வாழ்கின்றன; அவற்றைக் கற்பதும் இப்பாடத்தின் நோக்கம். (ஊர்ப்பெயரில் உள்ள 'சமுத்திரம்' கடலன்று, பெரிய ஏரி. அம்பாசமுத்திரத்திலும் அஃதே.)

இவ்வட்டாரத்து வீடுகளில் நெடுங்காலம் கற்பலகைகளே தரையாயின. கடப்பை, கர்நூல் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புப் பாறையைத் தெலுங்கில் 'நாபராய்' என்பர். அதன் கருநிற வகையே தமிழ்நாட்டுச் சமையலறைத் தட்டுகளில் காணப்படும் கடப்பைக் கல். சுண்ணாம்புப் பாறையாதலின் எலுமிச்சைச் சாறு சிந்தினால் மங்கிவிடும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடி ஓடு மற்றொரு வகை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த சாந்தை இட்டு அழுத்துவர். பின்பு நீரில் ஊறவைத்து உலர்த்துவர், சூளையில் சுடுவதில்லை. அதன் பளபளப்பு கண்ணாடி தந்தது. இப்பொழுது நம் கடைகளில் விற்கும் ஓடுகளோ பெரும்பாலும் குசராத்தின் மோர்பி நகரிலிருந்து வருபவை, சூளையில் சுட்டவை, பெட்டியில் அடைத்தவை.

பெட்டி வீட்டிற்கு வந்ததும் சிலர் 'நாமே பதித்துவிடலாமே' என்று எண்ணுகின்றனர். கூலியை மிச்சப்படுத்தும் எண்ணம் இயல்பானதே. ஆனால் சுவருக்குப் பூசிய வண்ணம் பிழையானால் மறுபடியும் பூசலாம். பதித்து இறுகிய ஓட்டை முழுதாகப் பெயர்த்தெடுக்க இயலாது. உடைத்தே எடுக்க வேண்டும்; உடைக்கும்போது அடுத்த ஓடும் விரிசல் காணும். ஆதலால் முதன்முறை முயல்வோர் கரணையைத் தொடுமுன் கணக்கைத் தொட வேண்டும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய அறை ஒன்றைக் கருதுவோம். பரப்பு 120 சதுர அடி. 'இரண்டுக்கு இரண்டு' ஓடு ஒன்றின் பரப்பு 4 சதுர அடி. வகுத்தால் 30 ஓடுகள். ஐந்தாம் வகுப்பு மாணவரும் இவ்விடையைக் கூறுவர். அவ்விடையை நம்பிக் கடைக்குச் சென்றால் வேலை பாதியில் நிற்கும்.

ஏன்? கடைக்காரர் 'இரண்டடி' என்று கூறும் ஓட்டின் பெட்டியில் 600 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஒவ்வோர் ஓட்டிலும் ஏறத்தாழ ஒரு செ.மீ. குறைகின்றது. 12 அடி நீளத்தில் ஆறு ஓடுகளை 2 மி.மீ. இடைவெளியுடன் வரிசையாக வைத்தால் சுவரோரத்தில் ஏறத்தாழ 45 மி.மீ. எஞ்சும், 10 அடி அகலத்தில் ஐந்து ஓடுகளுக்குப் பின் 38 மி.மீ. எஞ்சும். இரண்டு விரல் அகலமுள்ள அந்தக் கீற்றை நேராக வெட்டுவது கடினம். வெட்டிப் பதித்தாலும் எளிதில் உடையும்; கண்ணுக்கும் அழகன்று.

தேர்ந்த கொத்தனார் இதனை வேறு விதமாகத் தீர்ப்பார். அறையின் நடுவிலிருந்து தொடங்கி, நீளத்தில் ஐந்து முழு ஓடுகளை வைத்து, இரு ஓரங்களிலும் சுமார் 32 செ.மீ. அகலமுள்ள துண்டுகளை இடுவார். அகலத்தில் நான்கு முழு ஓடுகள். இரு ஓரங்களிலும் அதே அளவை ஒட்டிய துண்டுகள். இப்பொழுது எண்ணிப் பாருங்கள். நீளத்தில் ஏழு, அகலத்தில் ஆறு. ஆக 42 இடங்கள். ஓர் ஓட்டை வெட்டினால் 32 செ.மீ. துண்டு ஒன்றுதான் கிடைக்கும். மீதி 28 செ.மீ.க்கும் குறைவு, மற்றோர் ஓரத்திற்குப் போதாது. ஆகவே 42 ஓடுகள் வேண்டும். பெட்டிக்கு நான்கு வீதம் 11 பெட்டிகள் வாங்கினால் உடைவதற்கென்று இரண்டு ஓடுகள் மிஞ்சும். மீந்த துண்டுகள் வீணாவதில்லை. அவற்றை 10 செ.மீ. உயரப் பட்டைகளாக நறுக்கிச் சுவரடியில் ஒட்டலாம். பரப்பை வகுத்து எண்ணிக்கை காணும் முறை மாவுக்கும் வண்ணத்துக்கும் பொருந்தும்; வெட்டினால் சேராத பொருளுக்குப் பொருந்தாது.

நூலும் மட்டமும்

கணக்கிற்குப் பின் நூல். பெரும்பாலான அறைகளின் மூலைகள் செங்கோணமாக இருப்பதில்லை. இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நாம் கருதிய அறையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அடி 7½ அங்குலம் இருத்தல் வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று குறுகினால் அறை கோணலானது. சுவரை நம்பிப் பதித்தால் வரிசைகள் அனைத்தும் சாயும். நடுவில் ஒரு நூலைப் பிடித்து, அதில் ஒரு புள்ளியிலிருந்து 3 அடி, குறுக்கு நூலில் 4 அடி குறித்து, இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை குறுக்கு நூலை நகர்த்த வேண்டும். கணித வகுப்பில் நீங்கள் கற்ற பிதாகரசு தேற்றம் இங்கே கொத்தனாரின் கையில் கயிறாகக் கிடக்கின்றது.

பின்னர் ரசமட்டத்தால் தரையின் ஏற்ற இறக்கத்தை அறிய வேண்டும். ரசமட்டத்தின் குழாயிலுள்ள காற்றுக்குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. நீண்ட அறையாயின் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரு முனைகளிலும் பிடித்துப் பார்ப்பது இன்னும் எளிது. பழைய தரையின்மேலேயே ஓடு பதிப்போர் கதவையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஓட்டின் தடிப்பும் அடியிலுள்ள பசையின் தடிப்பும் சேர்ந்து தரை அரை அங்குலம் உயர்ந்தால் மறுநாள் கதவு திறவாது.

இனி ஓட்டின் முதுகில் சிறிது நீரைத் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது சாதாரணச் செராமிக் ஓடு. நீரில் ஊறவைத்த பிறகே சிமெண்டுச் சாந்தில் பதிக்க வேண்டும். இல்லையேல் சாந்தின் ஈரத்தை அது குடித்துவிடும். சாந்து இறுகாமல் பொடியாகும். விட்ரிஃபைட் ஓடு நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை; அதற்கு ஒட்டுப்பசையே ஏற்றது. பற்கள் உடைய கரணையால் பசையைக் கோடு கோடாகப் பரப்பி, ஓட்டை வைத்து அழுத்தி, ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். நம் வட்டாரத்துக் கோடையில் பசை விரைவில் தோல் கட்டும். ஆகையால் ஒரே நேரத்தில் அறை முழுதும் பரப்பாமல் இரண்டு ஓடுகளுக்கு வேண்டிய அளவே பரப்புதல் நன்று.

பதித்து இறுகிய பின் ஒரு நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிக் கேளுங்கள். கெட்டியான ஒலி வந்தால் அடியில் பசை நிரம்பியுள்ளது. குடத்தைத் தட்டியதுபோல் வெற்றொலி எழுந்தால் அடியில் காற்றிடம் உள்ளது. அவ்விடத்தில் கட்டிற்காலோ எரிவாயு உருளையோ நின்றால் ஓடு பிளக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைச் சாந்து வைத்து ஓட்டை அமுக்கும் அவசர வேலையின் விளைவு இது.

தாமே செய்ய விரும்புவோர் திண்ணையிலோ சிறிய அறையிலோ தொடங்கலாம். குளியலறையை மட்டும் கொத்தனாரிடமே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே தரை மட்டமாக இருத்தலே பிழை. நீர்ப்போக்கியை நோக்கி ஓரடிக்கு அரைக்கால் அங்குலமேனும் சரிவு வேண்டும். ஆறடி நீளத்திற்கு முக்கால் அங்குலம். சரிவு தவறினால் நீர் தேங்கும். தேங்கிய நீரில் முதலில் வழுக்கி விழுபவர் வீட்டிலுள்ள பாட்டியாகவே இருப்பார். அங்கே பளபளக்கும் ஓட்டைத் தவிர்த்துச் சொரசொரப்பான ஓட்டைத் தேர்வதும் அவர் பொருட்டே.

நீங்கள் நூல் பிடிக்கலாம், எண்ணலாம், நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். வெட்டும் பொறியின் அருகே செல்லுதல் கூடாது. உலர வெட்டும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் தங்கி நோய் தருவது. நீர்விட்டு வெட்டுவோரும் முகக்கவசம் அணிய வேண்டும். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும், கையுறையின்றித் தொடாதீர்கள்.

சொற்பொருள்

கரணை – சாந்து பூசும் கருவி
ரசமட்டம் – சமதளம் அறியும் கருவி
மூலைவிட்டம் – எதிர் மூலைகளை இணைக்கும் கோடு
நீர்ப்போக்கி – நீர் வெளியேறும் துளை
அரைக்கால் – எட்டில் ஒரு பங்கு (1/8)

பயிற்சி

1. 120 சதுர அடி அறைக்கு 30 ஓடுகள் போதாமையின் காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

2. ஐந்தடி நீளமுள்ள குளியலறைக்கு வேண்டிய சரிவைக் கணக்கிட்டு, விடையை எண்ணாலன்றிச் சொல்லால் எழுதுக. (குறிப்பு: அரை, அரைக்கால் என்னும் இரு சொற்களும் வரும்.)

3. 'மேஸ்திரி' என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் வழங்குகின்றது. இரண்டிற்கும் அது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. உங்கள் தெருவில் கட்டட வேலை செய்வோர் ஒருவரிடம் அவர் கருவிகளின் பெயர்களைக் கேட்டு, தமிழ், தெலுங்கு இரண்டிலும் ஐந்து பெயர்கள் எழுதி வருக.

4. பின்வரும் தொடர்களில் 'ஓடு' வேற்றுமை உருபாக வருவது எது, பெயராக வருவது எது, வினையாக வருவது எது எனக் கூறுக: 'பாட்டியோடு வந்தான்', 'விரைந்து ஓடு', 'பழைய ஓடு பெயர்ந்தது'.

5. உங்கள் வீட்டுத் தரையை நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் இடங்களைக் குறித்து ஒரு படம் வரைக.