செவிகொடுக்கும் வகுப்பறை

நுழையும்முன்

உடலில் காயம் பட்டால் செய்யவேண்டிய முதலுதவியைப் பள்ளி கற்றுத்தருகிறது. உள்ளம் காயப்பட்டால் செய்யவேண்டிய முதலுதவியையும் அது கற்றுத்தர இயலுமா? இவ்வினாவுக்குக் கிடைத்த விடையை விளக்குகிறது இப்பாடம்.

ஓர் ஆய்வு

வளரிளம் பருவத்தினரிடையே தற்கொலையைத் தடுக்கும் வழியைத் தேடி, ஐரோப்பாவின் 10 நாடுகளைச் சேர்ந்த 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களைக் கொண்டு ஆய்வொன்று நிகழ்த்தப்பட்டது. பள்ளிகள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டன. முதற்பிரிவில், மாணவரின் துயரை உணர்ந்து உதவ ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில், வினாப்படிவத்தின்வழி இடர்நிலையில் உள்ளோர் கண்டறியப்பட்டு மருத்துவ உதவிக்கு அனுப்பப்பட்டனர். மூன்றாம் பிரிவில் மாணவர்களே பயின்றனர். மன அழுத்தத்தையும் நண்பரின் துயரையும் நடித்துப்பார்த்தும் கலந்துரையாடியும் புரிந்துகொண்டனர். நான்காம் பிரிவில் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் மட்டுமே இடம்பெற்றன.

முடிவுகள் 2015இல் வெளியாயின. ஓராண்டுக்குப் பின் ஒப்பிட்டபோது, நான்காம் பிரிவைவிட மூன்றாம் பிரிவில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. மற்ற இரு பிரிவுகளில் அத்தகைய தெளிவான வேறுபாடு தென்படவில்லை. மாணவரைக் காக்கும் பணியில் மாணவருக்கே பெரும்பங்கு உண்டு என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

கேட்டலே உதவி

எப்போதும் கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கியிருத்தல், உறக்கமும் உணவும் குறைதல், விரும்பிப் பேணிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், ‘நான் யாருக்கும் வேண்டாதவன்’ எனப் பேசுதல் ஆகியன கவனிக்கத்தக்க அறிகுறிகள். அதுபற்றி நேரடியாகக் கேட்டால் தவறான எண்ணத்தைத் தூண்டிவிடுமோ எனப் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது, அன்புடன் கேட்பது நெஞ்சின் பாரத்தைக் குறைக்கும். அறிவுரையோ கண்டிப்போ அப்போது வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டலே போதும்.

‘யாரிடமும் சொல்லாதே’ என்று நண்பர் வேண்டினாலும் அம்மறைபொருளைக் காத்தல் நட்பாகாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே தெரிவித்தலும், அதுவரை அவரைத் தனியே விடாதிருத்தலுமே நட்பின் கடமை. நண்பரின் சினம் ஒருநாள் தணியும். இழந்த உயிர் மீளாது.

தெரிந்து தெளிவோம்

தற்கொலைத் தடுப்புக்கெனச் சென்னையில் 1986இல் தொடங்கப்பட்டது ‘சிநேகா’ தன்னார்வ அமைப்பு. பொதுத்தேர்வில் தவறியோர் அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு எழுதும் வாய்ப்பு தமிழ்நாட்டில் உள்ளது. மனநல ஆலோசனைக்கு 14416, 104 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம்.