தொட்டில் உம்மாவுக்கு மட்டுமா?

ஓலைத்தொடுவாய் போன்ற மீன்பிடிக் கரைகளில் ஒரு பேச்சு உண்டு: கடலுக்குப் போவது தகப்பன் பாடு, கைக்குழந்தை தாய் பாடு. எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று முஸ்லிம் ஊர்கள் உள்ள மன்னார்த் தீவில், இந்தப் பேச்சுக்கு மார்க்கத்தையும் துணைக்கு இழுப்பவர்கள் உண்டு. மார்க்கம் சொல்வதோ வேறு.

நம்பிக்கை: காசு கொடுத்தால் வாப்பாவின் கடமை முடிந்தது.

உண்மை: குர்ஆனின் 2:233 வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவதைத் தகப்பனின் பொறுப்பாக்குகிறது. மணவிலக்கு ஆன பின்பும், பாலூட்டுகிறவளுக்கு அதற்கான கூலியைக் கொடுக்கச் சொல்கிறது 65:6. ஆனால் கடமை பணத்தோடு நிற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் வைத்துக்கொண்டே தொழுவித்தார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்தார்கள், எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள். பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸிடம், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் கிடைக்காது என்றார்கள்.

பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கும் வாப்பா, வீட்டில் பிள்ளையைத் தூக்கவும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம்பிக்கை: சீம்பால் ஆகாது, முதலில் தேன்தான் தொட்டு வைக்க வேண்டும்.

உண்மை: இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டத்தில், அந்த முதல் மஞ்சள் பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பது தாயின் கடமை. மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் வேறெதுவும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, பிஞ்சுக் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

நம்பிக்கை: 2 வருடம் நிறையும் முன் பால் மறக்கடித்தால் பாவம்.

உண்மை: 2 வருடம் என்பது முழுமையாக்க விரும்புவோருக்கான அளவு. தாயும் தகப்பனும் கலந்து பேசி, மனம் ஒத்து அதற்கு முன்பே நிறுத்தினால் குற்றமில்லை என்று அதே 2:233 சொல்கிறது. தாய் தனியாகவோ தகப்பன் தனியாகவோ எடுக்கும் முடிவல்ல இது.

நம்பிக்கை: பாலூட்டுகிறவளும் ரமழானில் நோன்பை விடக்கூடாது.

உண்மை: தனக்கோ பிள்ளைக்கோ கெடுதி வரும் என்று பயந்தால் விடலாம், விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக் களாச் செய்ய வேண்டும். பிள்ளைக்காக மட்டும் விட்டிருந்தால், ஷாஃபிஈ சட்டப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்து (முத் என்னும் அளவு) தானியம் ஃபித்யா என்னும் பரிகாரமாகவும் கொடுக்க வேண்டும். பால் குறைந்து பிள்ளை அழும்போது, "நோன்பை விட்டுவிடு, சாப்பிடு" என்று முதலில் சொல்ல வேண்டியவர் வாப்பா. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் வாப்பாவும் பக்கத்தில் இருந்து, பிள்ளையின் எடையையும் தாயின் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும்.