விரல் நுனியில் யாரும் விழமாட்டார்கள்

"கழுத்துக்குப் பக்கத்துல ஒரு நரம்பு இருக்காம் மாஸ்டர். அதை அழுத்துனா எப்பேர்ப்பட்ட ஆளும் சுருண்டு விழுந்துடுவானாமே?" என்னிடம் ஜூடோ கற்க வரும் பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. அவர்களை அழைத்து வரும் அப்பாக்களும் கேட்கிறார்கள். 1996-இல் 'இந்தியன்' படம் வந்தபோது அதன் நாயகன் சேனாபதியின் இரண்டு விரல்களைப் பார்த்துத் தொடங்கிய பேச்சு இது. இன்று வாட்ஸ்அப்பில் 'பெண்கள் அறிய வேண்டிய வர்மப் புள்ளிகள்' என்று படம் போட்டுச் சுற்றுகிறது. அதைவிட மோசம், மகளிர் தினத்துக்கு அரைநாள் தற்காப்பு முகாம் என்று கல்லூரிக்கு வந்து, இருநூறு பெண்களை வரிசையில் நிறுத்தி, "இங்கே அழுத்துங்கள், அவன் காலி" என்று சொல்லிக் கொடுத்துச் சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை மறுகையால் அழுத்திப் பாருங்கள். வலிக்கிறதா? வலிக்கும். உட்கார்ந்திருக்கிறீர்கள், கையை நீட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், வலியைக் கவனித்துக்கொண்டும் இருக்கிறீர்கள். இப்போது நண்பர் ஒருவரை எழுந்து வந்து உங்கள் சட்டையைப் பிடித்துத் தள்ளச் சொல்லுங்கள். தள்ளும்போதே அவர் கையில் அதே இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கை ஓரிடத்தில் நிற்காது, விரல்கள் சட்டையைச் சுருட்டி மூடியிருக்கும், வியர்வையில் வழுக்கும். தேடி முடிப்பதற்குள் உங்கள் முதுகு சுவரில் இடித்திருக்கும். இத்தனைக்கும் அவர் நண்பர், உங்களை அடிக்க வந்தவர் அல்ல.

அடிக்க வந்தவனின் உடம்பில் அட்ரினலின் ஓடுகிறது. குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். விபத்தில் எலும்பு முறிந்தவர்கள் தாமாக எழுந்து நடந்துபோய், பிறகுதான் வலியை உணர்ந்ததாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். முறிந்த எலும்பின் வலியையே மறைத்துவிடும் உடம்பு, கட்டைவிரல் அழுத்தத்துக்கா மண்டியிடும்? ஒரே புள்ளியை ஒரே அழுத்தத்தில் தொட்டாலும் ஒருவர் துடிப்பார், இன்னொருவர் "எங்கே சார் அழுத்துறீங்க?" என்பார். பயிற்சிக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்த யாருக்கும் இது தெரியும்.

தொடாமலே வீழ்த்துவேன் என்பவர்களின் கதையும் சந்திக்கு வந்துவிட்டது. ஜப்பானில் யானகி ரியூகென் என்ற முதிய ஆசிரியர் கையை அசைத்தாலே அவருடைய மாணவர்கள் கூட்டமாக உருண்டு விழுவார்கள். 2006-இல் பந்தயம் கட்டி, மாணவர் அல்லாத ஒரு சண்டை வீரர் முன்னால் நின்றார். யானகிதான் அடி வாங்கி, மூக்கில் ரத்தம் வழியக் கீழே கிடந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் கூட்டத்தாரின் தொடாத வீழ்த்தலைத் தொலைக்காட்சிக்காகச் சோதித்தபோது, நம்பிக்கையில்லாதவர் மேல் அது வேலை செய்யவில்லை. நாக்கு வாயில் இருந்த நிலையும், தூக்கியிருந்த கால் விரலும் தடுத்திருக்கலாம் என்று டில்மன் விளக்கம் சொன்னார். எதிராளி நாக்கை எங்கே வைத்திருக்கிறான் என்பதை நம்பித்தானா நம் பெண்களைத் தெருவுக்கு அனுப்புவது? '7ஆம் அறிவு' படம் பார்த்துவிட்டு நோக்கு வர்மம் கற்றுத்தரச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

"போட்டிகளில் இதையெல்லாம் தடை செய்துவிட்டார்கள், அதனால்தான் நீங்கள் பார்ப்பதில்லை" என்று ஒரு சமாதானம் உண்டு. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும்தான் தடை. எடைப்பிரிவுகூடக் கிடையாது. புள்ளி தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் வந்து அழுத்தியிருக்கலாம். ஜெயித்தவர் தரைச் சண்டை வீரர் ராய்ஸ் கிரேஸி. மூன்று பேரையும் தரைக்குக் கொண்டுபோய், மேலே படர்ந்து பணிய வைத்தார், அதில் இரண்டு பேரைக் கழுத்துப் பிடியில்.

அந்தக் 'கழுத்து நரம்பு' பேச்சுக்கு மூலம் இங்கே இருக்கலாம் என்பது என் ஊகம். கழுத்தின் இருபக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உள்ளன. இரண்டையும் சரியாக அடைத்தால் சுமார் பத்து விநாடியில் நினைவு தப்பும். அதற்கு முழுக்கை வேண்டும், எதிராளியோடு ஒட்டிய உடம்பு வேண்டும், அவன் திமிறும்போது விடாமல் இருக்கும் பயிற்சி வேண்டும். விடாமல் நீடித்தால் ஆள் செத்துப்போவான். முகாமில் விளையாட்டாகச் செய்துகாட்டும் சமாசாரம் அல்ல.

மூட்டுக்குப் போடும் பூட்டுகளுக்கு வருகிறேன். இவை உண்மை. 2004 ஜூனில் யுஎஃப்சி போட்டியில் பிராங்க் மிர், டிம் சில்வியாவின் முழங்கைக்குப் பூட்டுப் போட்டபோது முன்கை எலும்பு முறிந்தது. நடுவர் ஹெர்ப் டீன் ஆட்டத்தை நிறுத்த, சில்வியாவோ தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சண்டை போட்டார். எக்ஸ்ரே முறிவை உறுதி செய்தது. 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ, ஹீலியோ கிரேஸியின் கையை முதுகுப் பக்கம் முறுக்கி ஒடித்தபோதும் ஹீலியோ பணிவதாகத் தட்டவில்லை. அவர் தரப்பிலிருந்துதான் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டு விழுந்தது. இந்த இரண்டையும் நன்றாக யோசியுங்கள். ஒடிந்த கையோடும் மனிதன் பணியவில்லை. வலிக்காகப் போடும் பிடியை நம்பாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். மூட்டு உடைந்தால் அந்தக் கை வேலை செய்யாது, பூட்டின் பலன் அவ்வளவே.

அந்தப் பூட்டும் சும்மா விழுவதில்லை. ஜூடோவில் ஜூஜி கதாமே போடும்போது, எதிராளி மல்லாந்து கிடக்க, என் ஒரு கால் அவர் முகத்தின் மேலும் இன்னொன்று மார்பின் மேலும் அழுந்தியிருக்கும். அவர் கை என் இரு தொடைகளுக்கு நடுவே; முழங்கால்கள் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும். கட்டைவிரல் வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டை மார்போடு அணைத்து, பிறகுதான் இடுப்பைத் தூக்குகிறேன். ஒரு கையின் முழங்கைக்கு எதிராக என் இடுப்பும் முதுகும் சேர்ந்து வேலை செய்கின்றன. முழங்கால்களுக்கு நடுவே சந்து விழுந்தால் போதும், அவர் முழங்கையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவார். முதலில் ஆளை அடக்கு, பிறகு மூட்டுக்குப் போ. நம் பிடிவரிசை ஆசான்களும் காலை நகர்த்தி, ஆளை நிலை குலைத்த பிறகுதான் பூட்டுகிறார்கள். முகாம்காரர்கள் அந்த முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, நின்றபடி மணிக்கட்டைத் திருப்பக் கற்றுத்தருகிறார்கள். நிஜத்தில் எவனும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பதில்லை. பிடித்த கையால் இழுப்பான், மறுகையால் அறைவான்.

கத்திக்கு மணிக்கட்டுப் பூட்டு போடலாமா? கூடாது. ஓடுங்கள். பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

உத்தி தெரிந்தால் உடல் எடை பொருட்டில்லையா? மெலிந்த ராய்ஸ் கிரேஸியைக் காட்டி இதையும் சொல்வார்கள். அன்று எதிரே நின்றவர்களில் பலருக்குத் தரைச் சண்டை தெரியாது. இருவருக்கும் உத்தி தெரிந்தால் எடைதான் பேசும். ஜூடோவில் எடைப்பிரிவு வேறெதற்கு இருக்கிறது?

அப்படியானால் வர்மமே பொய்யா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் குதிக்க வேண்டாம். உடம்பின் புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வகுத்தவர்கள் அடிபட்ட உடம்புகளைப் பார்த்து வகுத்தவர்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் அடிமுறையோடு சேர்த்து வைத்தியமும் பார்த்தார்கள். நெற்றிப்பொட்டின் பக்கவாட்டில் மண்டையோடு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அங்கே பலத்த அடி விழுந்தால், ஆள் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து உள்ளே ரத்தம் கட்டி மயங்குவது மருத்துவம் அறிந்த விஷயம். இத்தனை நாழிகையில் உயிர் போகும் என்று வர்ம ஏடுகள் கணக்குச் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கவனிப்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஓங்கி விழுந்த அடியின் கணக்கு, விரல் அழுத்தத்தின் கணக்கு அல்ல. தலையில் அடிபட்டவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

தலை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கைகலப்பில் பல பேரின் உயிரை எடுப்பது எதிராளியின் கை அல்ல, தரை. தள்ளிவிட்டால் பின்னந்தலை சிமெண்டில் மோதுகிறது. ஜூடோவில் முதல் நாளே விழுவதைத்தான் சொல்லித்தருகிறோம்: தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து விழுவது. உக்கேமி என்று பெயர். சண்டையே போடாத பிள்ளைக்கும் சைக்கிளிலிருந்து விழும்போது அது உதவும். அரைநாள் முகாமுக்குச் செலவழிக்கும் பணத்தில் பள்ளி நிர்வாகங்கள் பத்து மேட் வாங்கிப் போடட்டும். உடற்கல்வி ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் பத்தாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையும் விழக் கற்றிருக்கும், திமிறும் ஆளைப் பிடித்துப் பழகியிருக்கும். அடுத்த கல்வியாண்டுக்கு உங்கள் பள்ளியில் இதைக் கேளுங்கள்.