வேம்பு காட்டிய வேந்தன்

‘அகம்’ என்பது பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று. அது வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும், ஒரு பொருளின் உட்புறத்தையும் குறிக்கும். உரியவர் இசைவின்றிப் பிறர் கண்ணும் செவியும் நுழைதல் கூடாத இடம் எதுவோ, அதுவே அகம். குடிசை எவ்வளவு சிறியதாயினும் அதற்கு ஒரு கதவு உண்டு. கதவைச் சாத்திக்கொண்டவர் உள்ளே குற்றம் புரிகின்றார் என்று எவரும் ஐயுறுவதில்லை. சாத்திய கதவு அவருடைய உரிமை. அதனைத் தட்டாமல் திறப்பது பிறருடைய பிழை.

இவ்வுண்மையை நம் முன்னோர் இலக்கிய மரபாகவே போற்றினர். போரும் கொடையும் புகழும் பாடும் புறப்பாடல்களில் அரசர் பெயரும் வள்ளல் பெயரும் ஓங்கி ஒலிக்கும். தலைவனும் தலைவியும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பைப் பாடும் அகத்திணைப் பாடல்களிலோ அவர்தம் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. உள்ளத்து உணர்வை உலகம் அறியலாம். அஃது இன்னாருடையது என்பதை உலகம் அறிய வேண்டுவதில்லை. எத்துணை நுட்பமான நாகரிகம் இது!

ஆயினும், பெயரை நீக்கிய அளவில் ஆள் மறைந்துவிடுவானா? இவ்வினாவுக்கு விடை தரும் நூல் ஒன்றும் நம்மிடம் உண்டு. அது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய அப்பாட்டு 188 அடிகளை உடையது. கூதிர்க்காலத்துக் குளிரில், அரண்மனைக் கட்டிலின்மேல் பிரிவால் வாடுகின்றாள் அரசி. அரசனோ வாடைக்காற்று வீசும் நள்ளிரவிலும் கண்துயிலாது, பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் வீரரைக் கண்டு ஆறுதல் கூறி வருகின்றான். பாட்டில் எவ்விடத்தும் அவன் பெயர் இல்லை. அப்படியிருந்தும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதனை அகப்பாட்டு என்று கொள்ளவில்லை. என்ன காரணம்? அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்று புலவர் கூறிவிட்டார். பனை சேரர்க்கும், ஆத்தி சோழர்க்கும், வேம்பு பாண்டியர்க்கும் உரிய அடையாளங்கள் அல்லவா? வேம்பு குடியைக் காட்டியது. பிற செய்திகளையும் உடன் வைத்து நோக்கியோர், பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்று துணிந்தனர்.

இங்கே நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. ஒருவர் பெயரை மறைத்தல் வேறு. ஒருவரை மறைத்தல் வேறு. பெயர் நீங்கிய பின்னும் அடையாளம் எஞ்சி நின்றால், அறிந்தவர் கண்ணுக்கு ஆள் தெரிந்தே தீரும்.

மாணவர்களே! இக்காலத்தில் நம்மைப் பற்றிய செய்திகள் எத்தனை ஏடுகளில் எழுதப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவமனை நம் நோயை எழுதுகின்றது. வங்கி நம் வரவையும் செலவையும் எழுதுகின்றது. நாம் எங்கு நின்றோம், எங்குச் சென்றோம் என்பதைக் கைப்பேசி குறித்துக்கொள்கின்றது. இணையத்தில் நாம் தேடும் ஒவ்வொரு சொல்லையும் கணிப்பொறி நினைவில் வைக்கின்றது. இச்செய்திகளைப் பிறருக்குக் கொடுக்க நேர்ந்தால், “அஞ்ச வேண்டா, பெயரை நீக்கிவிட்டோம்” என்று கொடுப்போர் உறுதி கூறுவதுண்டு. அவ்வுறுதி எத்தகையது என்பதை மெய்ப்பித்த நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியரின் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 1,35,000 ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும் பெற்ற மருத்துவம் பற்றிய பதிவுகளை அது ஆராய்ச்சியாளர்க்கு அளித்தது. நோயாளியின் பெயரும் முகவரியும் அவற்றில் இல்லை. பிறந்த நாள், ஆண் பெண் என்னும் பால், வாழும் பகுதியின் அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் இருந்தன. நோய்கள் எங்கு, எவ்வயதினர்க்கு மிகுதியாக வருகின்றன என்று ஆராய்வோர்க்கு இவை பயன்படும். ஆதலின் நல்ல நோக்கத்துடனேயே அவை விடப்பட்டன.

அப்போது லட்டான்யா சுவீனி என்னும் மாணவி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி இயல் பயின்றுவந்தார். அம்மாநிலத்தின் ஆளுநராக அன்று விளங்கிய வில்லியம் வெல்டு என்பவர் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்பவர் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. சுவீனி 20 டாலர் கொடுத்து அந்நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். அது யாவரும் வாங்கத்தக்க பட்டியல். அதில் பெயரும் முகவரியும் உண்டு. பிறந்த நாளும் பாலும் அஞ்சற் குறியீடும் உண்டு. பெயரில்லாத மருத்துவப் பதிவையும் பெயருள்ள வாக்காளர் பட்டியலையும் அருகருகே வைத்து அவர் ஒப்பிட்டார். ஆளுநர் பிறந்த நாளிலேயே பிறந்தவர் அந்நகரில் அறுவர் இருந்தனர். அவருள் ஆடவர் மூவர். அம்மூவருள்ளும் ஆளுநரின் அஞ்சற் குறியீட்டுப் பகுதியில் வாழ்ந்தவர் ஒருவரே. பெயர் நீங்கிய பதிவுகளுள் ஆளுநருடையது இதுவெனத் தெரிந்துவிட்டது! பூட்டை உடைக்கவில்லை, ஏணி வைத்து ஏறவில்லை. தனித்தனியே நோக்கின் தீங்கற்ற இரண்டு ஏடுகள் ஒன்றுசேர்ந்தன, அவ்வளவே.

இஃது ஆளுநர் ஒருவர்க்கு மட்டும் நேர்ந்தது எனக் கருதற்க. பிறந்த நாள், பால், அஞ்சற் குறியீடு ஆகிய இம்மூன்றைக்கொண்டே அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்துப் பிரித்தறியலாம் என்று சுவீனி 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். 2006ஆம் ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சியாளர் புதிய மக்கள்தொகைக் கணக்கைக்கொண்டு ஆராய்ந்து, நூற்றுக்கு 63 என்றார். எண் குறைந்தது, உண்மை குறையவில்லை. மூன்றே அடையாளங்கள் பாதிக்கு மேற்பட்ட மக்களை இனங்காட்டப் போதுமானவை.

நாம் எழுதும் சொல்லும் அடையாளமே. குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர் சிலர் உளர். அவர்கள் பாட்டில் அமைந்த அழகிய தொடரையே பெயராகக்கொண்டு ‘செம்புலப் பெயனீரார்’, ‘அணிலாடு முன்றிலார்’ என்று அவர்களை வழங்குகின்றோம். சொல்லே ஆளின் பெயராயிற்று. அப்புலவர்க்கு அது புகழைத் தந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனத்தின் செயலால் அதுவே துன்பமாக மாறியது. ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று திங்கள் இணையத்தில் தேடிய சொற்களை அந்நிறுவனம் ஆராய்ச்சிக்கென வெளியிட்டது. பெயருக்கு மாற்றாக ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டிருந்தது. செய்தித்தாள் ஒன்றின் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் தொகுத்துப் படித்தனர். தம் ஊரைப் பற்றியும், தம் குடும்பப் பெயர் உடையோரைப் பற்றியும், நோய்களைப் பற்றியும் அவர் தேடியிருந்தார். சில நாளில் நிருபர்கள் ஒரு முதிய பெண்மணியின் வீட்டு வாயிலில் போய் நின்றனர். தம் மனத்தோடு தாம் பேசியதாக அவர் எண்ணியிருந்த சொற்களை அயலார் வாசித்துக் காட்டக் கேட்ட அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

நடக்கும் வழியும் அடையாளமாகும். ஐரோப்பிய நாடு ஒன்றில் 15 இலட்சம் பேருடைய கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தோர், 2013ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்னும் குறிப்புகள் நான்கே கிடைத்தால், நூற்றுக்கு 95 பேரைத் தனித்துக் கண்டுகொள்ளலாம் என்பதே அம்முடிவு. நம் வீடு, நாம் செல்லும் பள்ளி, மாலையில் ஆடும் திடல், வாரந்தோறும் செல்லும் கோயில் ஆகிய நான்கையும் அவற்றுக்குச் செல்லும் வேளையோடு வரிசைப்படுத்திப் பாருங்கள். அவ்வரிசை முழுதும் ஒத்த மற்றொருவர் உங்கள் ஊரில் இருத்தல் அரிது.

“நேர்மையாக வாழ்பவனுக்கு மறைக்க என்ன இருக்கின்றது?” என்று சிலர் வினவுவர். கேட்பதற்கு அது நியாயம் போலத் தோன்றும். ஆராய்ந்தால் நில்லாது. நோயாளி தன் நோயை மருத்துவரிடம் ஒளியாமல் உரைப்பது, அது வெளியே செல்லாது என்னும் நம்பிக்கையால். வாக்காளர் அச்சமின்றி வாக்களிப்பது, யாருக்கு அளித்தார் என்பதை எவரும் அறியார் என்னும் உறுதியால். மறைவு ஒழிந்தால் இவ்விரண்டு நன்மைகளும் ஒழியும். அகம் காக்கப்படுவது குற்றத்தை மறைப்பதற்கன்று. மனிதன் அச்சமின்றி எண்ணவும் பேசவும் வாழவும் அஃது இன்றியமையாதது. இதனை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி என்பவர் தொடுத்த வழக்கில், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், நீதிபதிகள் ஒன்பதின்மர் அமர்ந்த ஆயம் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. அந்தரங்கம் காக்கும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையோடு பிணைந்த அடிப்படை உரிமை என்பதே அத்தீர்ப்பு.

மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். முகமூடி அணிந்தோர் எல்லாரும் நல்லவர் அல்லர். பெயரை மறைத்துக்கொண்டு பிறரைப் பழிப்போரும், பொய்ப் பெயரில் பொருள் பறிப்போரும் இணையத்தில் உளர். பெயர் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை என எண்ணுதல் பேதைமை. அவர்கள் விட்டுச்செல்லும் சுவடுகளும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் மறைவு என்பது கேடயமாக இருத்தல் வேண்டும். மறைந்திருந்து எய்யும் அம்பாக இருத்தல் கூடாது.

இனி, பதிவுகளை வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது? எல்லா ஏடுகளையும் பூட்டிவைத்தால் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி நின்றுவிடும். ஆகவே அறிஞர் நடுவழி ஒன்றை நாடினர். அடையாளத்தைப் பருமையாக்குதல் ஒரு முறை. பிறந்த நாளைச் சொல்லாது ஆண்டை மட்டும் சொல்லுதல், அஞ்சற் குறியீட்டின் முதல் மூன்று எண்களை மட்டும் காட்டுதல், அம்மூன்று எண்களுக்குரிய பகுதியில் 20,000 பேருக்கு மேல் வாழவில்லையாயின் அவற்றையும் நீக்குதல் ஆகியன அமெரிக்க மருத்துவப் பதிவு விதிகளுள் இடம்பெற்றன. 2006ஆம் ஆண்டில் சிந்தியா துவார்க் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்த மூவரும் மற்றொரு முறையைக் கூறினர். கணக்கிட்ட அளவில் சிறு சிறு மாற்றங்களை எண்களோடு கலந்துவிட்டால், தொகை ஏறத்தாழச் சரியாக இருக்கும். தனி ஒருவரைப் பற்றி மட்டும் துணிந்து கூற இயலாது. தோப்பு தெரியும்; மரம் தெரியாது. அமெரிக்க நாட்டின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு வெளியீட்டில் இம்முறை கையாளப்பட்டது. நம் நாட்டிலும் தனிமனிதர் பற்றிய செய்திகளைக் காக்க நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பற்றிய செய்திகளைக் கையாளுமுன் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கூறுகளுள் ஒன்று.

சட்டம் வேலி, விழிப்பே காவல். மாணவர்களாகிய நீங்கள் உங்கள் வேலில் கட்டிய வேம்பு எது என்று அறிந்துகொள்ளுங்கள். ஒரு நிழற்படத்தை வெளியிடுகின்றீர்கள், பெயர் எழுதவில்லை. ஆனால் சட்டையில் பள்ளியின் சின்னம் தெரிகின்றது. பின்னால் பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகை தெரிகின்றது. அவை போதும். பிறந்த நாள், தாயின் பெயர், முதலிற் பயின்ற பள்ளி ஆகியவற்றை விளையாட்டாகப் பலர் முன்னிலையில் எழுதுகின்றீர்கள். கடவுச்சொல்லை மறந்தவரிடம் சில நிறுவனங்கள் கேட்கும் வினாக்களும் அவைதாமே! எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லை வையாதீர். ஒரே திறவுகோலைப் பல பூட்டுகளுக்கு வையாதீர். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, கேட்பவர் எவராயினும், சொல்லாதீர். இணையத்தின் வழியாக எவரேனும் பணத்தைக் கவர்ந்துவிட்டால் வெட்கி ஒளியாது, பெற்றோரிடம் கூறி, 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடுங்கள்.

இன்னும் ஒன்று. தம் அகத்தைக் காப்போர் பிறர் அகத்தையும் காத்தல் கடன். தோழன் நம்பிக் கூறிய செய்தியையும், தோழியின் படத்தையும் அவர் இசைவின்றிப் பிறர்க்கு அனுப்புதல், சாத்திய கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும். அனுப்பிய கை ஒன்று. அது சென்று சேரும் கைகளுக்கு எல்லை இல்லை. பெயர் சுட்டாது அன்பைப் பாடிய மரபில் வந்த நாம், பிறர் பெயரையும் பெருமையையும் காப்பதில் பின்தங்கலாமா? நம் கதவை நாம் சாத்துவோம். அயலார் கதவைத் தட்டாமல் திறவோம்.

வினாக்கள்

1. ‘அகம்’ என்னும் சொல் எவ்வெப் பொருள்களைக் குறிக்கும்?
2. நெடுநல்வாடையை அகப்பாட்டு எனக் கொள்ளாமைக்கு நச்சினார்க்கினியர் கண்ட காரணம் யாது?
3. ஆளுநரின் மருத்துவப் பதிவு எவ்வாறு கண்டறியப்பட்டது? படிப்படியாக விளக்குக.
4. ‘தோப்பு தெரியும், மரம் தெரியாது.’ இத்தொடரின் கருத்தை விளக்குக.
5. ‘நேர்மையாளனுக்கு மறைவு வேண்டுவதில்லை’ என்னும் கூற்றை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.