எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொல் காணும் வழி



சுங்காயில் மாலையில் வியாபாரம் மந்தமானால் என் மகன் கடையிலேயே ஸ்கிராபிள் பலகையை விரிப்பான். நூறு கட்டைகளில் ‘கியூ’ ஒன்றுதான். அதற்குப் பத்துப் புள்ளி. ஒருநாள் அவன் கையில் ஏ, டி, ஐ, கியூ இருந்தன. “யூ இல்லாமல் சொல் ஏது அத்தா?” என்று கைவிடப் போனான்.

மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நான், கியூ, ஏ, டி, ஐ என அடுக்கி, “காஜி” என்றேன். அகராதியில் இருந்தது! கடைசி இரண்டையும் இடம் மாற்றினால் ‘காயித்’, அதாவது தலைவர். காயிதே மில்லத் என்கிறோமே, அதே சொல்தான்.

அரபியில் அடித்தொண்டையில் எழும் காஃபை ஆங்கிலத்தார் பெரும்பாலும் கியூவால் எழுதுவர், யூ வேண்டியதில்லை. கிப்லா, புர்கா, தலாக் யாவும் இவ்வகையே.

ஆகவே, முதலில் கடினமான எழுத்தைப் பிடியுங்கள். அதன் அருகே உயிரெழுத்துகளை மாற்றி மாற்றி வையுங்கள். பின்னர் அகராதியில் சரிபாருங்கள்.

பயிற்சி: ஏ, எஃப், ஐ, கியூ, ஆர். உலகப் பற்றைத் துறந்த ஏழை யார்? பிள்ளைகளோடு அமர்ந்து கண்டுபிடியுங்கள். நாம் ஓதியதும் அவர்களுக்கு உதவும்.