இரண்டாவது கையெழுத்து

விளையாட்டுப் போட்டிகளுக்கும் மைதானங்களுக்கும் ஸ்பான்சர் பிடித்துத் தருவது என் தொழில். ஒரு நிறுவனத்தை முதல்முறை கையெழுத்துப் போட வைப்பது அத்தனை கடினமல்ல. முதலாளிக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் மறுபடி கையெழுத்துப் போடுகிறாரா என்பதில்தான் நம் உழைப்பு தெரியும்.

ஐபிஎல்லுக்கு இந்தக் கவலை குறைவு. 2008 முதல் டிஎல்எஃப், பெப்சி, விவோ, ட்ரீம்11, டாடா என்று டைட்டில் ஸ்பான்சர்கள் மாறியும் அதன் மவுசு குறையவில்லை. ஒருவர் விலகினால் அடுத்தவர் வரிசையில் நிற்கிறார். மாவட்ட ஹாக்கிக்கும் வாலிபாலுக்கும் அந்த வசதி கிடையாது. ஸ்பான்சர் போனால் அந்த வருடப் போட்டியே நின்றுபோகும். அப்படிப்பட்ட அமைப்புகளை நடத்துவோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

விலைப்பட்டியலை நீட்டும் முன் கேளுங்கள்

எத்தனை போர்டு, எத்தனை அடி பேனர், எவ்வளவு பணம் என்று ஆரம்பித்தால் பேரம்தான் நடக்கும். நான் முதலில் கேட்பது இதைத்தான்: “சார், உங்கள் பொருளை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சிரமப்படுகிறீர்கள்?” கிராமத்துக் கபடிப் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள் என்றால், பம்ப்செட் கம்பெனிக்கு அந்தக் கூட்டம் தங்கம். அதே கூட்டம் கிரெடிட் கார்டு விற்கும் வங்கிக்குப் பயன்படாது. பொருந்தாத நிறுவனம் அதிகப் பணம் தந்தாலும் ஒரு வருடத்தில் போய்விடும்.

ஊர் வாயில் பழகிய பெயரைத் தொடாதீர்கள்

லண்டனில் ஆர்சனல் கிளப் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்த 2004-லேயே எமிரேட்ஸ் விமான நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. சட்டை விளம்பரமும் 15 வருடப் பெயர் உரிமையும் சேர்த்துச் சுமார் 10 கோடி பவுண்டு. 2006-ல் கதவு திறந்தபோதே அது எமிரேட்ஸ் ஸ்டேடியம். மாற்றிச் சொல்லிப் பழக வேண்டிய பழைய பெயர் யாருக்கும் இல்லை. ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்தது வேறு. வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியத்துக்கு 2005-ல் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் வந்தது. ரசிகர்களில் பலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியத்துக்குப் போக ஆட்டோ பிடிப்பவர் ‘சேப்பாக்கம்’ என்றுதான் சொல்வார்.

ஆகவே பழைய மைதானமாக இருந்தால் அதன் பெயரை விட்டுவிடுங்கள். புதிதாகக் கட்டும் கேலரி, பயிற்சிக் கூடம், விடுதி, கோப்பை ஆகியவற்றின் பெயரை விற்கலாம். ரசிகர்களும் கோபப்பட மாட்டார்கள், ஸ்பான்சரின் பெயரும் நிலைக்கும்.

பிரிவதைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுங்கள்

நல்ல காரியம் பேசும்போது இது எதற்கு என்று பலர் தயங்குவார்கள். ஆனால் பெரிய ஒப்பந்தங்களும் பாதியில் முறிகின்றன. ஹூஸ்டன் பேஸ்பால் மைதானத்துக்கு 1999-ல் என்ரான் நிறுவனம் 30 வருடத்துக்கு 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2001 டிசம்பரில் அது திவாலானது. மோசடிக்குப் பேர்போன அந்தப் பெயரைக் கழற்ற, அணியே 21 லட்சம் டாலர் கொடுத்து உரிமையைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. மயாமி கூடைப்பந்து அரங்குக்கு 2021-ல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 19 வருடம் பேசியது. 2022 நவம்பரில் அதுவும் திவால். சட்டமும் குறுக்கே வரும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததும், காலம் முடியுமுன்பே இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து, அத்தகைய விளையாட்டை நடத்திவந்த ட்ரீம்11 நீங்கியது.

திவால், அவப்பெயர், சட்டத் தடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஷரத்து எழுதுங்கள். போர்டைக் கழற்றும் செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். பெரிய போட்டி வந்தால் பெயரை மறைக்க நேரிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். 2006 உலகக் கோப்பையில் மியூனிக்கின் அலையன்ஸ் அரீனாவே ஃபிஃபா விதிப்படி தன் பெயரை மறைத்துக்கொண்டது.

மேனேஜர் ஒருவரை மட்டும் நம்பியிராதீர்கள்

நம்மை அழைத்து வந்த மார்க்கெட்டிங் மேனேஜர் வேறு வேலைக்குப் போவார். புதிதாக வருபவர், “இதில் நமக்கு என்ன லாபம்?” என்பார். அப்போது பதில் சொல்ல அந்த நிறுவனத்துக்குள்ளேயே நான்கு பேர் வேண்டும். டீலர்களுக்கு நல்ல இருக்கை கொடுங்கள். ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துங்கள். கணக்குப் பிரிவுக்கு பில்லும் ஜிஎஸ்டி ரசீதும் தேதி தவறாமல் போகட்டும்.

போட்டி முடிந்த கையோடு அறிக்கை அனுப்புங்கள். கூட்டம் குறைந்திருந்தால் அதையும் எழுதி, அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். குறையை நம் வாயால் கேட்ட ஸ்பான்சர் நாம் சொல்லும் நிறையையும் நம்புவார்.

பாதி வழியிலேயே புதுப்பிக்கப் பேசுங்கள்

இந்திய ஹாக்கியின் ஸ்பான்சராக ஒடிசா அரசு 2018-ல் ஐந்து வருடத்துக்கு வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அணி 41 வருடம் கழித்துப் பதக்கம் வென்ற 2021-லேயே, காலம் முடியக் காத்திராமல், மேலும் பத்து வருடத்துக்கு நீட்டித்தது. சட்டையில் பெயர் போட்டதோடு அந்த அரசு நிற்கவில்லை. 2018, 2023 உலகக் கோப்பைகளை நடத்தியது. ரூர்கேலாவில் புது ஸ்டேடியம் எழுப்பியது. அந்த ஸ்டேடியம் இருக்கும் சுந்தர்கர் மாவட்டம் திலீப் டிர்கி போன்ற வீரர்களைத் தந்த மண். தன் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டை யாரும் எளிதில் கைவிடுவதில்லை. உங்கள் ஸ்பான்சரின் ஆலை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில் ஒரு பயிற்சி மையம் தொடங்குங்கள். அங்கிருந்து ஒரு பிள்ளை மாநில அணிக்குப் போன வருடமே அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுங்கள்.

ஒரு வருடப் பணத்தில் பந்தலும் பரிசும்தான் முடியும். ஐந்து வருடம் உறுதியானால் கோச்சுக்கு மாதச் சம்பளம் பேசலாம், பெண்களுக்கு விடுதி நடத்தலாம், பதினான்கு வயதில் வரும் பிள்ளையைப் பத்தொன்பது வயது வரை கைவிடாமல் வளர்க்கலாம். இரண்டாவது கையெழுத்துக்காக இத்தனை பாடுபடுவது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.