எந்த ப்ளேயர் என்று கேட்க முதல்

போன எபிசோடில வீட்டுக் கணினியில பாட்டுக் கேக்கிறதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில விட்டிட்டம். மிச்சத்தை இந்த மடலில் ஒரு பாடமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணி ஒண்டு போட்டுக்கொண்டு வந்து இருங்கோ.

வழக்கமாக வருகிற கேள்வி, "எந்த மியூசிக் ப்ளேயர் நல்லது?" என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ப்ளேயரை ஒரு பின்னேரத்தில் மாற்றலாம். பிடிக்காட்டி அழிச்சுப்போட்டு வேற ஒண்டைப் போடலாம், ஒண்டும் குறையாது. ஆனால் பாட்டை எந்த வடிவத்தில் சேமித்தீர்கள் என்பது அப்படி இல்லை. அதில் ஒருமுறை போனது திரும்பி வராது.

"எல்லாப் பாட்டும் ஸ்ட்ரீமிங்கில இருக்கே, ஏன் ஃபைலோட மினக்கெட வேணும்?" புதுப்படப் பாட்டுக்கு அது சரியான கேள்வி. மினக்கெட வேண்டாம். நான் சொல்வது வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிற சாமான்களைப் பற்றி. தொலைபேசி இல்லாத ஊரில் இருந்து அம்மம்மா பேசிப் பதிந்து தபாலில் அனுப்பிய கசெட். இலங்கை வானொலியில் போன பாட்டை, நடுவில் அறிவிப்பாளரின் குரலோடு சேர்த்துப் பிடித்த கசெட். மாமாவின் கலியாணத்தில் வாசித்த நாதஸ்வரம். எத்தனையாவது பிரதி என்றே தெரியாத, ஏ.ஈ. மனோகரனின் பொப் பாட்டுகள். இதில் சிலதுக்கு உலகத்தில் வேறு பிரதியே கிடையாது. காந்த நாடா வருசத்துக்கு வருசம் பழுதாகிக்கொண்டு போகிறது. இண்டைக்கு உங்கட கணினிக்குள் என்ன வடிவத்தில் போகிறதோ, இனி அதுதான் மூலப்பிரதி.

சரி, கணக்குக்கு வருவோம். 1982-இல் விற்பனைக்கு வந்த சீடி, ஒலியலையை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என்று இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட், ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட். ஏன் 44,100? மனிதக் காது கேட்கிற உச்சம் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். ஓர் அலையைத் திருப்பி உருவாக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளியும் விட்டால் இந்த எண்ணுக்குக் கிட்ட வந்துவிடும்.

மணிக்கு 635 மெகாபைட்டை 1990களின் ஹார்ட் டிஸ்க்கும் டயல்-அப் இணைப்பும் தாங்காது. அதற்கு விடையாக வந்ததுதான் எம்பி3. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வகத்தில் பெரும்பகுதி வளர்ந்தது. 1995 ஜூலையில்தான் ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று போடுவது முடிவானது. அதன் தந்திரம் காதைப் பற்றியது. தவிலில் ஓங்கி ஓர் அடி விழுகிற கணத்தில், அதே அதிர்வெண் பகுதியில் இருக்கிற மெல்லிய சத்தம் எங்களுக்குக் கேட்காது. கேட்காததை ஏன் முழுசா எழுத வேணும் என்று எம்பி3 அதைக் குறைத்து எழுதுகிறது, சிலதை அப்படியே விட்டுவிடுகிறது. ஏஏசி, ஓபஸ் எல்லாம் இதே யோசனையின் அடுத்த தலைமுறைகள். 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஓபஸ், குறைந்த அளவில் எம்பி3-ஐ விட மிக நல்லது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற குரல் செய்தி ஓபஸ்தான்.

இங்கே ஒரு விசயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல என்கோடரால் 256 கிலோபிட்டில் செய்த எம்பி3-ஐயும் சீடியையும் மாறி மாறிப் போட்டால், பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் பிடிபடாது. எனக்கும்தான். நம்பாட்டி ஃபூபார்2000-இல் ஏபிஎக்ஸ் என்கிற குருட்டுச் சோதனை இணைப்பைப் போட்டு, எது எதென்று தெரியாமல் 20 தடவை கேட்டுப் பாருங்கோ. ஆயிரக்கணக்கில் ஹெட்ஃபோனுக்குச் செலவழித்தவர்களுக்கு அது கொஞ்சம் கசக்கும்.

பிறகு ஏன் பெரிய ஃபைல்? காதுக்காக இல்லை, இனி நடக்கப்போகிற மாற்றங்களுக்காக. கசெட்டில் இருந்து கசெட்டுக்கு அடித்த பிரதியை அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முதல் பிரதி பரவாயில்லை, மூன்றாவதில் பாட்டை விட இரைச்சல் கூட. எம்பி3-இல் இருந்து ஏஏசிக்கு, பிறகு ஓபஸுக்கு என்று மாற்றுகிறபோதும் அதே கதைதான். ஒவ்வொரு என்கோடரும் தன் கணக்குப்படி இன்னொரு தரம் வெட்டும். 20 வருசத்துக்குப் பிறகு என்ன வடிவம் புழக்கத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. கட்டாயம் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும். வெட்டாத மூலம் கையில் இருந்தால், எப்பவும் அதில் இருந்தே புதுப்பிரதி எடுக்கலாம்.

அந்த வெட்டாத மூலத்துக்கு நான் சொல்வது ஃப்ளாக். 2001-இல் வந்தது, இலவசம், யாருடைய காப்புரிமைக்கும் கட்டுப்படாதது. 2024 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கிற ஐஈடிஎஃப் அதை முறையான தரமாகவும் வெளியிட்டது. வேலை ஸிப் ஃபைல் மாதிரி: சுருக்கும், விரிக்கும்போது ஒரு பிட் பிசகாமல் திருப்பித் தரும். பெரும்பாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலான அளவுக்கு வரும். இன்னொரு குணம் எனக்கு இதை விடப் பிடிக்கும். ஒவ்வொரு ஃப்ளாக் ஃபைலுக்குள்ளும் அந்த ஒலியின் எம்டி5 கையொப்பம் எழுதப்பட்டிருக்கும். பத்து வருசம் கழித்து ஹார்ட் டிஸ்க் எங்காவது ஓர் இடத்தில் பழுதாகியிருந்தால், ஃப்ளாக்கின் சோதனைக் கட்டளையை ஓட்டினால் எந்த ஃபைல் கெட்டது என்று சொல்லிவிடும். எம்பி3-இல் அப்படி ஒரு முழு ஒலிக்கான கையொப்பம் தரத்திலேயே கிடையாது.

ஒரு மணி நேரக் கசெட் ஃப்ளாக்கில் ஏறத்தாழ 350 மெகாபைட் வரும் என்று வையுங்கள் (நாடா இரைச்சல் கூடினால் அளவும் கூடும், இரைச்சலைச் சுருக்க ஏலாது). ஒரு டெராபைட் டிஸ்க்கில் 2,800 கசெட்டுக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு கசெட் வைத்திருக்கிற வீடு எனக்குத் தெரியாது. அதே கசெட் ஓபஸில் 128 கிலோபிட்டுக்கு 58 மெகாபைட். பேச்சு மட்டும் என்றால் 32 கிலோபிட் போதும், 15 மெகாபைட்டுக்குள் அடங்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப அது சரி. சேமிப்புக்கு ஃப்ளாக், பகிர்வதற்கும் போனுக்கும் ஓபஸ் அல்லது ஏஏசி, காருக்கு எம்பி3. இதில் ஃப்ளாக் மட்டும்தான் சொத்து. மற்றதெல்லாம் அழிந்தால் திரும்பச் செய்யலாம்.

மேக்கும் ஐபோனும் வைத்திருப்பவர்களுக்கு: ஆப்பிளின் மியூசிக் செயலி ஃப்ளாக்கைத் தன் நூலகத்தில் சேர்க்காது. அவர்களின் சொந்த வடிவமான ஏலாக்குக்கு மாற்றித்தான் போட வேண்டும். பயப்பட வேண்டாம், இரண்டுமே வெட்டாத வடிவங்கள். எத்தனை தடவை இங்கும் அங்கும் மாற்றினாலும் ஒன்றும் குறையாது. வேவ் வடிவத்தை மட்டும் நீண்டகாலத்துக்கு வைக்காதீர்கள். ஒலி சரிதான், ஆனால் பாட்டின் பெயர், பாடியவர் என்று உள்ளே எழுதி வைப்பதை ஒவ்வொரு ப்ளேயரும் ஒவ்வொரு மாதிரிக் கையாளும்.

கசெட்டை 192,000 ஹேர்ட்ஸில் பதியச் சொல்கிறவர்களும் இருக்கினம். சாதாரண கசெட்டில் 15,000 ஹேர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. 44,100 அல்லது 48,000 தாராளம். பதிகிறபோது 24 பிட் வைத்தால், சத்த அளவை உச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் பாதுகாப்பாகப் பதியலாம். அதற்குமேல் இடம்தான் வீண்.

எதிர்த்திசை ஓடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பருக்கும், வெட்டினது வெட்டினதுதான். தமிழ்க் கடைகளில் வாங்கின "நூறு பாட்டு" சீடிகள் பல வீட்டில் இருக்கும். அவை எம்பி3 ஃபைல்களை எழுதிய டிஸ்க்குகள். அவற்றை அப்படியே ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள், மாற்ற வேண்டாம். யாராவது "ஃப்ளாக் மச்சான்" என்று ஒரு ஃபைல் தந்தால், ஓடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பாருங்கள். 16,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டின மாதிரி வெறுமையாக இருந்தால், அது அனேகமாக 128 கிலோபிட் எம்பி3 போட்டிருக்கிற வேசம். பழைய பதிவுகளில் உயர் அதிர்வெண் இயல்பாகவே மெல்ல மெல்ல மங்கும். அதை இதோடு குழப்பக் கூடாது.

இனி எங்கட ஆக்களுக்கென்றே இருக்கிற சிக்கல்: பெயர்.

ப்ளேயர்கள் எல்லாம் மேற்கத்தைய பழக்கத்தில் கட்டப்பட்டவை. "ஆர்ட்டிஸ்ட்" என்று ஒருவர், அவருக்குக் கீழே ஆல்பங்கள். நாங்கள் அப்படிப் பாட்டுத் தேடுவதில்லை. "ராஜா பாட்டுப் போடு" என்றால் இசையமைப்பாளர். "எஸ்பிபி பாட்டு" என்றால் பாடகர். அம்மாவுக்குப் படத்தின் பெயர் வேண்டும். ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து விதமான பாடகர்கள். ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர் பெயரை மட்டும் எழுதினால், ப்ளேயர் அந்த ஒரு படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்துப் போடும். தீர்வு சின்னது. ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்கள், கம்போசர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்திலும் இசையமைப்பாளர், ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர். இதை ஒழுங்காகச் செய்தால் மூன்று பேரின் தேடலுக்கும் விடை கிடைக்கும். குரல் கசெட்டுக்கு ஆல்பம் பெயராக அனுப்பியவரையும் வருசத்தையும் எழுதுங்கள். கேட்டு, யார் யார் பேசுகிறார்கள் என்று பெரியாக்களிடம் விசாரித்து, குறிப்பு என்ற இடத்தில் எழுதிவிடுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே.

இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலையும் நான் கண்டிருக்கிறேன். ப்ளேயருக்கு அவர் நாலு ஆள். தமிழில் எழுதினால் ஒரே ஆள். ஆனால் தமிழில் எழுதுவதற்கு ஃபைல் ஒத்துழைக்க வேண்டும். எம்பி3-இன் முதல் டேக் முறையான ஐடி3 முதல் பதிப்பில் பெயருக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். மெய்யில் இருக்கிற புள்ளிக்கும் உயிர்மெய்யின் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. "இளையராஜா" 24 பைட், தப்பிவிடும். "சீர்காழி கோவிந்தராஜன்" என்று எழுதினால் "சீர்காழி" தாண்டி "கோ"வின் நடுவில் அறுந்துவிடும். பிந்திய ஐடி3 பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ளாக்கில் டேக் எல்லாமே யூடிஎஃப்-8தான், 30 பைட் கதையே கிடையாது.

பழைய ஃபைல்களில் பெயர் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கிடந்தால், பழுது என்று அழித்துவிடாதீர்கள். அது அனேகமாகப் பாமினி எழுத்துருவில் தட்டின தமிழ். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவி ஏதாவதொன்றில் ஒட்டினால் தமிழ் வெளியே வரும்.

காரின் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால், காருக்கு எடுக்கிற எம்பி3 பிரதியில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

இப்ப ப்ளேயர். மேலே சொன்னதெல்லாம் சரியென்றால் கேள்வி சுருங்கிவிடும்: ஃப்ளாக்கும் ஓபஸும் வாசிக்குமா, கம்போசர்படி அடுக்குமா, நீங்கள் எழுதினதை ஃபைலுக்குள்ளேயே எழுதுமா? விண்டோஸில் மியூசிக்பீ அழகு, உடனே பழகலாம். ஃபூபார்2000 பார்க்க வறண்டு கிடக்கும், ஆனால் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நான் அதில்தான் இருக்கிறேன். லினக்ஸில் ஸ்ட்ரோபெரி. விஎல்சி எதைக் கொடுத்தாலும் வாசிக்கும், ஒரு ஃபைலைத் திறந்து பார்க்க அதைவிட நல்லது இல்லை. பெரிய சேகரத்தை அடுக்கி வைக்க மட்டும் அது தோதில்லை.

கர்நாடகக் கச்சேரி கேட்பவர்கள் இடைவெளியில்லா ஒலிப்பைச் சோதியுங்கள். ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடமாக வெட்டப்பட்டிருக்கும். எம்பி3 ஒவ்வொரு தடத்தின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்க்கிறது. அதை நீக்கத் தெரியாத ப்ளேயரில் கச்சேரி நடுவில் விக்கல் எடுக்கும். ஃப்ளாக்கில் அந்த மௌனமே சேராது. 1960களின் பாட்டுக்கும் இப்போதைய பாட்டுக்கும் சத்த அளவு ஏறி இறங்கினால் ரீப்ளேகெய்னைப் போடுங்கள். அது ஒலியைத் தொடாமல், எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்பதை டேக்கில் மட்டும் எழுதும்.

ப்ளேலிஸ்ட்டுகள் ப்ளேயரின் சொந்தத் தரவுத்தளத்துக்குள் இருக்கும், அதோடு போய்விடும். இடைக்கிடை எம்3யூ8 ஆக வெளியே எடுத்து வையுங்கள். கடைசியில் இருக்கிற 8, யூடிஎஃப்-8-ஐக் குறிக்கிறது. அது இல்லாத பழைய எம்3யூவில் தமிழ் ஃபைல் பெயர்கள் உடையக்கூடும்.

அடுத்த எபிசோடில் கசெட் டெக்கைக் கணினியோடு இணைக்கிறதைப் பார்க்கிறம். அதுக்குள்ள ஒரு வேலை: அலுமாரியைத் திறந்து, கசெட்டுகளுக்கு மேலே எழுதியிருக்கிறதைப் போனில படம் எடுத்து வையுங்கோ. லப்டொப்பின் மைக் துளையில் டெக்கைக் குத்த வேண்டாம், அது பெரும்பாலும் ஒரு தடம்தான் எடுக்கும். லைன்-இன் இருக்கிற யூஎஸ்பி பெட்டி ஒன்று வேணும்.